பின் சீட்டில் எதைக் கட்டுவது

மட்டாஞ்சேரி படகுத்துறையில் எர்ணாகுளம் படகுக்குக் காத்து நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பெண் தன் கணவரிடம் அலுத்த குரலில், "தரையில தூங்கறதுக்கு இவ்வளவு சாமானா?" என்று கேட்டாள். அவர் மோட்டார் சைக்கிளில் மூணாறு போய், மலையில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறாராம். அதற்குப் பெட்டி வாங்கத்தான் இருவரும் அக்கரைக்குக் கிளம்பியிருந்தார்கள்.

"டிரங்குப் பெட்டி சரிப்படாது. வளைவுல வண்டியைச் சாய்ச்சுடும்" என்றார் அவர்.

"அப்போ கான்வாஸ் பை வாங்கிக்கோங்கோ."

"அது மழையில நனையுமாக்கும். ஆத்துல இருக்கற, படுக்கை சுருட்டற ஹோல்டாலையே பின் சீட்டுல கட்டிண்டுடறேன்."

"ஹோல்டால் எனக்கு வேணும்."

"உனக்கு என்னத்துக்கு?"

"பாலக்காட்டுக்குப் போறேன், பொறந்தாத்துக்கு. கொஞ்ச நாள் தூங்கணும்."

"பின்னே என் அம்மாவை யார் பாத்துப்பா? ராத்திரி எத்தனை தரம் எழுந்துக்கறா."

படகு வந்து துறையில் இடித்து நின்றது. அவள் புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

"ஹோல்டால் இல்லேன்னா பின் சீட்டு காலிதானே. அம்மாவை அழைச்சுண்டு போங்கோ."