மேட்டு நிலத்திலிருந்து முதல் லோடு

கணவன்: வந்ததும் தண்ணியைக் குடிச்சிட்டு கம்முனு உக்காந்துட்டியே! லோடு கீழ வந்துச்சா இல்லையா?

மனைவி: வந்துச்சு. டிராக்டர், டிரெய்லர், உருளைக்கிழங்கு, நான்... எல்லாம் முழுசா.

கணவன்: காலையில பேஞ்ச மழைக்கு அந்தச் சரிவு வழுக்குமே! நீ சமதரையில மட்டும் ஓட்டினவ...

மனைவி: நீங்க கால்ல கட்டோட கிடந்தா வேற யாரு ஓட்டுவா? உங்க மொதலாளியையே இறக்கி விட்டேன், தெரியுமா?

கணவன்: யாரை?!

மனைவி: மட்கார்டு மேல ஜம்முனு ஏறி உக்காந்துட்டாரு. "இறங்குங்கய்யா, இது சோபா இல்ல"ன்னேன்.

கணவன்: ஐயோ! அவர் மூஞ்சி...?

மனைவி: சுருங்கிப் போச்சு. இறங்கின கையோட, "குறுக்கால போம்மா, சீக்கிரம் போயிடலாம்"னாரு. "குறுக்கால போனா வண்டி கவுந்துடும், நேராத்தான் இறக்குவேன்"னேன்.

கணவன்: அடேங்கப்பா! இத்தனை வருஷத்துல நான்கூட அவரை எதுத்துப் பேசினதில்ல.

மனைவி: அது ஊருக்கே தெரியும்.

கணவன்: நக்கலு! சரி, கியர்?

மனைவி: உச்சியிலயே சின்ன கியருக்கு மாத்திட்டேன். ஒரு பக்கம் மட்டும் பிடிச்சிடக் கூடாதுன்னு ரெண்டு பிரேக் பெடலையும் சேத்துப் பூட்டினேன். பெல்ட்டு போட்டேன்.

கணவன்: கிளட்ச்?

மனைவி: மிதிச்சா வண்டி தானா ஓடிடும்னு காலை அந்தப் பக்கமே கொண்டுபோகல. பாதி வழியில பின்சக்கரம் சர்ருனு...

கணவன்: ம்...

மனைவி: கீழ நின்னவங்க "பிரேக்கு, பிரேக்கு"ன்னு கத்துறாங்க. மிதிப்பேனா? லேசா ஆக்சிலேட்டர் குடுத்தேன். சக்கரம் உருண்டு மண்ணைப் பிடிச்சுக்கிச்சு.

கணவன்: டிரெய்லர் இடது பக்கம் தள்ளுச்சே, அப்பக்கூட நீ ஸ்டியரிங்கை...

மனைவி: இருங்க, இருங்க. இடது பக்கம்னு நான் சொல்லவே இல்லையே?

கணவன்: அது... சும்மா ஒரு...

மனைவி: சொல்லுங்க.

கணவன்: பால்காரர் பைக்குல தொத்திக்கிட்டு வந்தேன். மோட்டார் ரூம் பின்னாடி நின்னேன். குரல் குடுத்தா நீ திரும்பிடுவியேன்னு வாயைப் பொத்திக்கிட்டேன். நீ கீழ வந்து நிறுத்தினதும், "என் பொண்டாட்டிய்யா, என் பொண்டாட்டி"ன்னு பால்காரரைப் போட்டு உலுக்கிட்டேன்... ஆமா, உச்சியில ஏன் அவ்வளவு நேரம் நின்ன?

மனைவி: எஞ்சின் சூடாகட்டும்னு மொதலாளிகிட்ட சொன்னேன். பொய். கியரைத் தொடவே பயமா இருந்துச்சு. அப்புறம் மோட்டார் ரூம் சுவரோரம் ஒரு ஊன்றுகோல் நீட்டிக்கிட்டு இருந்ததைப் பாத்தேன்... அதுக்கப்புறம்தான் கியரே போட்டேன்.