வினைச்சொல் முன்னுக்கு

ஜெர்மனியில் ஹம் நகருக்குப் போகும் ரயிலில் எனக்கு எதிரே இருந்தவர், பக்கத்து இருக்கைப் பெண்ணிடம், "அக்கா, எங்கட வீட்டிலை இப்ப வினைச்சொல்தான் முதல்லை வருது" என்றார்.

"ஏன் தம்பி?"

"என்ரை மனுசி பிலிப்பைன்ஸ்தானே. அவவின்ரை முதல் கலியாணத்து மகள் வாற கிழமை அங்கையிருந்து வாறாள். அவளுக்கு ஜேர்மன் தெரியாது, எங்கட சின்னவளுக்குப் பிலிப்பினோ தெரியாது. ரெண்டு பேரும் இன்னும் நேரிலை கண்டதில்லை."

"அப்ப எப்பிடிக் கதைக்கிறது?"

"மனுசி பிலிப்பினோச் சொல்லுகளை அட்டையிலை எழுதிக் குடுத்தவ. அந்தப் பாசையிலை 'சாப்பிட்டாள் பிள்ளை' எண்டமாதிரி வினையை முன்னுக்கு வைச்சு அடுக்கோணும். நேற்றுச் சின்னவள், வரப்போற தமக்கைக்குச் சொல்லத் தானாவே ஒரு வசனம் அடுக்கினாள்."

"என்னெண்டு?"

"'படு என்ரை கட்டிலிலை' எண்டு. மனுசி அந்த அட்டையளை எடுக்க விடேல்லை. இன்னும் சாப்பாட்டு மேசையிலைதான் கிடக்கு. நாங்கள் குசினியிலை நிண்டு சாப்பிடுறம்."