பம்பரம் தொடாத ஓடு

மேடையில் அமர்ந்திருக்கும் துறைத் தலைவர் அய்யா அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, சுவரோரம் நிற்கும் கருவி அறை அண்ணன் அவர்களே, என் சித்திக்காகக் கைவேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. எழுதிக்கொண்டு வந்ததைப் படிக்கிறேன். குரல் கேட்கவில்லை என்றால் பின்னால் இருப்பவர்கள் கையைத் தூக்குங்கள். நான் நிமிர்ந்து பார்ப்பேனா என்றுதான் தெரியவில்லை.

இந்தக் கூடத்தில் இதற்கு முன்பும் இரங்கல் கூட்டங்கள் நடந்திருக்கின்றன. அப்போதெல்லாம் முதுநிலை ஆய்வாளர், நீங்கள் எல்லோரும் 'பம்பரம்' என்று கூப்பிட்ட என் சித்தி, எங்கே இருப்பார்? நாற்காலியிலா? இல்லை. அதோ, அந்தக் கதவருகில். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. கையில் சாவிக்கொத்து கிலுகிலுத்துக்கொண்டே இருக்கும். பேசுகிறவர் திரும்பிப் பார்த்து முறைத்தால் ஒரு நிமிஷம் நிற்கும். மறுபடி ஆரம்பிக்கும். இன்று வந்ததிலிருந்து அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். யாராவது திறக்கும்போதெல்லாம் சாவிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டுகிறேன்.

உட்காரத் தெரியாதவர் என் சித்தி. நின்றுகொண்டே சாப்பிடுவார். பேருந்து வரத் தாமதமானால் அடுத்த நிறுத்தத்துக்கு நடக்க ஆரம்பித்துவிடுவார். பாதி வழியில் பேருந்து அவரைத் தாண்டிக்கொண்டு போகும். அப்போதும் விடமாட்டார், அதற்கடுத்த நிறுத்தத்துக்கு நடப்பார்.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். இங்கே என் அம்மா மாதிரி ஆய்வுக்கூடம் பார்க்காதவர்களும் வந்திருக்கிறார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். சிப்பி வளர வளர, தன் ஓட்டின் விளிம்பில் சுண்ணாம்பை வரிவரியாகச் சேர்த்துக்கொண்டே போகும். அந்தச் சுண்ணாம்பில் கடல்நீரிலிருந்து வந்த ஆக்சிஜன் இருக்கும். அதில் கனமானது, லேசானது என்று வகை உண்டு. தண்ணீர் குளிர்ந்தால் கனமானது ஓட்டில் கொஞ்சம் கூடும். சூடேறினால் குறையும். ஒவ்வொரு வரியையும் ஊசிமுனைத் துளைக்கருவியால் சுரண்டி, அந்தத் தூளில் அமிலம் விட்டு, கிளம்பும் வாயுவை இயந்திரத்தில் கொடுத்துப் பார்த்தால், அந்தச் சிப்பி உயிரோடு இருந்தபோது கடல் எப்படி இருந்தது என்று தெரியும். வெப்பமானியே பிறக்காத காலத்துக் கோடை, குளிர் எல்லாம் தெரியும். மழைநீரும் ஆற்றுநீரும் கலந்து கணக்கைக் குழப்பும் என்பதால், ஒரே ஒரு சிப்பி சொல்வதைச் சித்தி நம்பவே மாட்டார்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. அவசரப்பட்டுத் துளைத்தால் கருவி சூடாகிவிடும். அந்தச் சூட்டில் ஓட்டின் சுண்ணாம்பே வேறு மாதிரி மாறிப்போகும். குளிர்ந்து கிடந்த கடல்கூட வெதுவெதுப்பான கடலாகத் தெரியும். மெதுவாகச் செய்ய வேண்டிய வேலை, பம்பரத்தின் கையில்.

அந்தத் தவறு அவருக்கும் நேர்ந்தது. உங்களில் பலர் அப்போது கூட இருந்தவர்கள். பழங்காலக் கடல் ஒன்று நாம் நினைத்ததைவிடச் சூடாக இருந்தது என்று ஒரு பெரிய மாநாட்டில் சொன்னார். கைதட்டினார்கள், செய்தித்தாளில் படம் வந்தது. பிறகு, யாரும் கேட்காமலேயே, அதே சிப்பியைக் கத்திமுனையால் கையாலேயே சுரண்டிப் பார்த்தார். சூட்டைக் காணோம். அதற்கடுத்த மாநாட்டில் ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்கிச் சொன்னாராம்: "அந்தச் சூடு கடலோடது இல்லைங்க. என் துளைக்கருவியோடது." படம் போட்ட செய்தித்தாள் இதைப் போடவில்லை. தன் கையால் எழுப்பியதைத் தன் கையாலேயே இடிக்க எத்தனை பேருக்கு மனசு வரும்?

அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். டீச்சர் கேள்வி கேட்டால் எனக்குப் பதில் தெரியும். ஆனால் வாய்க்கு வருவதற்குள் மணி அடித்துவிடும். எல்லோரும் சிரிப்பார்கள். ஒரு நாள் போகவில்லை, அப்படியே நின்றுவிட்டேன்.

"ஏன்டி, வீட்ல சும்மாதானே இருக்கே. என்கூட வா" என்றார் சித்தி.

"எனக்கு என்ன தெரியும் சித்தி?"

"ஒண்ணும் தெரிய வேணாம். பக்கத்துல உட்காரு. நான் வேகமாப் போனா 'மெதுவா'ன்னு சொல்லு. அவ்வளவுதான்."

"சொன்னா கேப்பியா?"

"கேக்க மாட்டேன். அதுக்குத்தான் உன்னைக் கூப்பிடறேன். செருப்பு மாட்ட காலையில ஆரம்பிச்சு மத்தியானம் முடிக்கிறவ நீ. உன்னை யாராலயும் அவசரப்படுத்த முடியாது."

முதல் நாள் உள்ளே நுழைந்ததும் கருவி அறை அண்ணன் கேட்டார், "என்னக்கா, பம்பரத்துக்கு பிரேக் வாங்கியாச்சா?" அன்றிலிருந்து இங்கே என் பெயர் பிரேக். பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர்களைவிட எனக்கு இது பிடித்திருந்தது.

நான் "மெதுவா சித்தி" என்றதும் அவர் துளைக்கருவியிலிருந்து கையை எடுப்பார். விரல்களை உதறுவார். என்னை ஒரு முறை முறைப்பார். கருவி ஆறும்வரை அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். திரும்ப வந்து கையை வைப்பார். எங்கள் வேலை முழுக்க இதுதான்.

இப்போது அவரது கடைசிச் சிப்பிக்கு வருகிறேன். அதைப் பற்றிச் சொல்லத்தான் மேடை ஏறினேன். இல்லாவிட்டால் ஏறியிருக்க மாட்டேன்.

துறைத் தலைவர் அய்யா சற்று முன் பேசும்போது, 'குளிர்காலமே வராத ஓர் ஆண்டைக் கண்டுபிடித்த மேதை' என்று சித்தியைப் புகழ்ந்தார். கைதட்டினீர்கள். எனக்குக் கை வரவில்லை. அய்யா மன்னிக்க வேண்டும். சித்தி அதைக் கண்டுபிடிக்கவில்லை. இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

அந்தச் சிப்பியின் ஓர் ஓட்டில், ஓரிடத்தில், கோடைக்குப் பிறகு மறுபடி கோடைதான் வருகிறது. நடுவில் குளிரைக் காணோம். உண்மையானால் பெரிய செய்தி. ஆனால் அந்த வரிகளைத் துளைத்த அன்று எனக்குக் காய்ச்சல். பக்கத்தில் யாரும் இல்லை. மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு சித்தி என்னிடம் கேட்டது இதைத்தான்: "அந்தக் குளிர் காணாமப் போனது கடல்லயா, இல்ல என் கையிலயா? தெரியாமப் போயிடுவேன் போலிருக்கேடி."

தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. சிப்பிக்கு ஓடு இரண்டு. இரண்டும் ஒரே உயிரை மூடிக் காத்தவை, ஒரே தண்ணீரில் கிடந்தவை. இன்னொரு ஓட்டில் துளைக்கருவி படவே இல்லை. அதை என்னிடம் கொடுத்துவைத்தார்.

நேற்று தாழ்வாரத்தில் அய்யா கேட்டார்: "நினைவு மலர் இந்த மாசமே அச்சுக்குப் போகணும்மா. அந்த ஓட்டைக் குடு. நாளைக்கே ஆளை உட்கார வெச்சு ஒரே மூச்சுல துளைச்சு முடிச்சிடலாம். அவங்களுக்கு நாம செய்யற மரியாதை அது." கேட்கும்போது அவருக்குக் கண் சிவந்திருந்தது. அவர் ஆசைப்பட்டதில் தப்பே இல்லை. எனக்கு வழக்கம்போலப் பதில் வரவில்லை. தெருவுக்கு வந்த பிறகு வந்தது. இப்போது சொல்கிறேன்.

அய்யா, ஒரே மூச்சில் துளைத்தால் அந்த ஆண்டில் குளிர் நிச்சயமாக இருக்காது. நாம் என்ன கேட்கிறோமோ அதையே ஓடு திருப்பிச் சொல்லும். சித்தியின் படத்துக்குக் கீழே அதை அச்சடிப்போம். பிறகு யார் ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்குவது? அவர்தான் இல்லையே.

கடைசி நாள் சித்திக்கு மூச்சு வேகவேகமாக வாங்கியது. மாடிப்படியில் ஓடுகிற மாதிரி. அம்மா அழுதாள். நர்ஸ் எதையோ திருகினார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரிந்தது அந்த ஒரு வார்த்தைதான். காதருகில் குனிந்து, "மெதுவா சித்தி" என்றேன். போர்வையிலிருந்து அவர் கை எழுந்தது. விரல்களை உதறினார். கண்ணைத் திறந்து என்னை ஒரு முறை முறைத்தார்.

திரும்பக் கையை வைக்கவில்லை.

பெரியோர்களே, அவர் வேலையைத் தொடர்வோம் என்று இங்கே பேசிய எல்லோரும் உறுதி சொன்னீர்கள். நானும் சொல்கிறேன். எனக்குத் துளைக்கத் தெரியாது, இயந்திரம் தெரியாது. பக்கத்தில் உட்காரத் தெரியும். நினைவு மலர் இந்தச் சிப்பியைப் பற்றிய பக்கம் இல்லாமலே வரட்டும். குளிர் இருந்தால் இருந்தது என்று எழுதுவோம். இல்லாவிட்டால் இல்லை என்று எழுதுவோம். எப்போது முடியுமோ அப்போது.

சித்தியின் ஓட்டைப் பஞ்சில் சுற்றி இந்தப் பெட்டியில் கொண்டுவந்திருக்கிறேன். அவர் படத்துக்கு முன்னால், மேஜைமேல் வைக்கிறேன். துளைக்கப் போகிறவர் யாராக இருந்தாலும் எடுத்துக்கொள்ளலாம். கூடவே எனக்கும் ஒரு நாற்காலி போட்டுவிடுங்கள்.