எத்தனை மரக்கால் வலி

— பாட்டில்ல ரெண்டு வேளை மருந்துதான் கொறைஞ்சிருக்கு. போன செவ்வாக்கெழம குடுத்துட்டுப் போனது. ஒழுங்கா குடுத்திருந்தா இந்நேரம் காலியாயிருக்கணுமே, நீலாம்பாம்மா?

— குடுத்தேன் விஜயம் சிஸ்டர்.

— பொய் சொல்ல ஒங்களுக்கு வரல. மூடியில அரிசி ஒட்டிக்கிட்டிருக்கு. பானைக்குள்ளதானே வச்சிருந்தீங்க?

— ஆமா, ஒளிச்சுத்தான் வச்சேன். இது அபினாம்ல. நெய்னா முகம்மது கடையில பேசிக்கிறாங்க. ஒங்க வண்டி ஒரு வாசல்ல நின்னா அடுத்த மாசம் அந்த வீட்ல எழவுப் பந்தலாம்.

— ஒரத்தநாட்டுல அல்லா பிச்சைன்னு ஒருத்தரு, ஒரு வருஷத்துக்கு மேல இதையேதான் குடிக்கிறாரு. தானே நடந்து போயி டீ குடிச்சுட்டு வர்றாரு. இது ஆளைச் சாகடிக்கிற மருந்து இல்லம்மா. புத்துநோய் வலிய அடக்குறது. டாக்டர் எழுதுன அளவுல, நேரம் தவறாம குடுத்தா பயமே இல்ல. நோய எங்களால தீக்க முடியல. இருக்குற நாளாச்சும் வேதனையில்லாம போவட்டும்னுதான் வீடு தேடி வர்றோம்.

— வர்றீங்க, நல்லாத்தான் வர்றீங்க. செவ்வாக்கெழம விடிஞ்சா போதும், ஒங்க வீரையனுக்கு வெள்ளச் சட்டை வேணும். தலை சீவி விடணும். என்னையக் கட்டிக்கிட்ட நாப்பத்திரெண்டு வருஷத்துல எனக்காக ஒரு நா சீப்பத் தொட்டுருக்குமா அது?

— என்னம்மா இது. எம் பொண்ணுக்கே கல்யாணம் ஆயிடுச்சு.

— ஆனா என்ன? நீங்க புண்ணத் தொடச்சா கண்ண மூடிக்கிட்டுச் சொகமா கெடக்குது. நான் தொடச்சா 'எரியுது, அந்தாண்ட போ'ங்குது. எனக்குந்தான் எரியுது சிஸ்டர், வயிறு. மறைக்கிறதுக்கு என்ன இருக்கு.

— சொல்லுங்க, கேக்குறேன்.

— கூலி நெல்லு அரைப்படி கூடக் கேட்டதுக்கு, பண்ணையாரா இருந்த ஒங்க பெரியப்பா களத்துல அதக் கட்டிப்போட்டு அடிச்சாங்க. தெரியுமா ஒங்களுக்கு?

— தெரியும். எங்க வீட்ல அதப் பேச மாட்டாங்க. ஊர்ல சொல்லித்தான் தெரியும்.

— முதுகுத் தோலு உரிஞ்சு வந்துச்சு. மஞ்ச அரைச்சு நான்தான் போட்டேன். வலிக்குதான்னு கேட்டா இல்லன்னுச்சு. போலீசு தூக்கிட்டுப் போனப்பவும் வாயத் தொறக்கல. இப்ப என்னடான்னா 'ஒம்போது மரக்கா வலிக்குது சிஸ்டர்'னு ஒங்ககிட்ட ஒப்பிக்குது. போயும் போயும் அந்த வீட்டுப் பொண்ணுகிட்ட.

— அவருக்கு வலியச் சொல்லத் தெரியல. அதான், நெல்லு அளக்குற மாதிரி கலத்துக்குப் பன்னெண்டு மரக்கா, இப்ப எத்தன மரக்கா வலின்னு நான் கேட்டுப் பழக்கினேன். நீங்களும் கேக்கலாமே.

— நான் எதுக்குக் கேக்கணும்? நீங்க வர ஆரம்பிச்சதுலேர்ந்து நான் கட்டிலண்ட ஒக்கார்றதே இல்ல. கஞ்சிய வச்சுட்டுக் கொல்லைக்குப் போயிடுவேன். அதான் சிஸ்டர் இருக்காங்கள்ல.

— அவ்வளவு வீம்பு. சரி, மருந்த ஏன் ஒளிச்சீங்க? அபின் கதை வேணாம், நெசத்தச் சொல்லுங்க.

— சிரிக்கக் கூடாது.

— சிரிக்கல.

— கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து அது என்னையப் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. 'ஏ புள்ள', 'இந்தா', அவ்வளவுதான். மருந்து குடிச்சா நிம்மதியாத் தூங்குது. எந்திரிச்சா 'சிஸ்டர் என்னைக்கு வரும்'ங்குது. போன வாரம் ஒரு வேளை குடுக்க மறந்துட்டேன். வலி வந்துருச்சு. 'நீலா'ன்னுச்சு. 'நீலா, நீலா'ன்னு விடாம கூப்புட்டுச்சு. ஓடிப் போயி தலைய மடியில வச்சுக்கிட்டேன். அப்பறம் எனக்கு மருந்து குடுக்க மனசே வரல. பாவி நான்.

— பாவமெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம். உள்ள வாங்க. நீங்களே குடுங்க. இந்தக் கோடு வரைக்கும் ஊத்துங்க. வீரையன் அய்யா, எத்தன மரக்கா?

— பத்துக்கு மேல இருக்கும் சிஸ்டர்.

— ஒரு வாரமா மருந்து வரலையே, கேக்க வேணாமா? என் போன் நம்பர செவுத்துலயே எழுதி வச்சிருக்கேனே.

— அவளத் திட்டாதீங்க. அரிசிப் பானையில வச்சத நான் பாத்துக்கிட்டுத்தான் கெடந்தேன்.

— பாத்தியா? பாத்துமா என்னையக் கேக்கல?

— வலிச்சாத்தானே நீலா நீ வந்து பக்கத்துல ஒக்கார்ற.