தீர்ந்த பம்ப்

மருத்துவ அறையின் திரைச்சீலையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நான்தான் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தோய்த்தேன். அது துப்புரவுக்காரர்களின் வேலை, ஆனால் அவர்கள் அதைத் தொட மாட்டார்கள். பொலிஸில் நீங்கள் நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் எட்டு வருடம் நான் எப்படி வேலை செய்தேன் என்று தெரியாமல் மற்றதை வாசித்தால் என்னைப் பிழையாக விளங்கிக்கொள்வீர்கள். அதனால் இதையும் எழுதுகிறேன்.

என் பெயர் கலாவதி. லண்டனில் மனோர் பார்க்கில் இருக்கிறேன். பக்கத்தில் பார்க்கிங் என்ற ஊரில் ஓர் ஆரம்பப் பள்ளியில் மருத்துவ உதவியாளர். யாழ்ப்பாணத்தில் ஆறு வருடம் ஆஸ்பத்திரி வார்டில் வேலை செய்தேன். தரை துடைப்பேன், நோயாளிகளைத் தூக்கிக் கிடத்துவேன். நேர்முகத்தில் தலைமை ஆசிரியை என்னைத் தாதி என்று எடுத்துக்கொண்டார். நான் அப்படிச் சொல்லவில்லை. திருத்தவும் இல்லை. ஷெல் விழுந்த நாட்களில் நான் கண்டதை இந்த ஊர்த் தாதிகள் யாரும் கண்டிருக்க மாட்டார்கள்.

இங்கே பயிற்சி என்று அரை நாள் கூப்பிட்டு, ஒரு தோடம்பழத்தில் ஊசி குத்திக் காட்டிச் சான்றிதழ் தந்தார்கள். மூக்கு ஒழுகினால் ஒரு படிவம், முழங்கால் உரசுப்பட்டால் இன்னொரு படிவம். தாய்மாரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வீட்டில் கடலை போட்ட மிக்ஸரைக் கை நிறைய அள்ளித் தின்னும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் மட்டும் கடலை ஆகாதாம். ஆஸ்துமா, எங்கள் பேச்சில் தொய்வு, உள்ள பிள்ளைகள் இன்னொரு கூட்டம். கணக்குப் பாடம் தொடங்கினால் மூச்சு முட்டும், விளையாட்டு மணி அடித்தால் முட்டு பறந்துபோகும். எனக்கு அவர்கள் மீது கோபம் இல்லை. பார்த்துச் சலித்துவிட்டது, அவ்வளவுதான்.

முதல் தடவை தற்செயலாகத்தான் நடந்தது. றஜீவன் என்ற ஒன்பது வயதுப் பையனின் மூச்சு மருந்து இழுக்கும் நீலப் பம்ப் தீர்ந்துபோயிருந்ததைக் கவனிக்காமல் கொடுத்துவிட்டேன். தீர்ந்த பம்பும் அமத்தினால் புஸ் என்று காற்று விடும், அதில் மருந்து மட்டும் இராது. அவன் இரண்டு முறை இழுத்தான், சுகம் என்றான், பந்தடிக்க ஓடிவிட்டான். அன்று நான் நிறைய யோசித்தேன்.

அதன்பிறகு பெற்றோர் கொண்டுவந்து தந்த நல்ல பம்புகளை மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினேன். பூட்டக்கூடாது என்று விதி இருந்தது. விதி எழுதியவர்கள் மருத்துவ அறைக்குள் ஒரு நாளும் வந்து நின்றதில்லை. பிள்ளைகளின் பெயர் ஒட்டிய பைகளில் தீர்ந்தவற்றைப் போட்டுவைத்தேன். ஒன்றரை வருடத்தில் ஒன்பது பிள்ளைகள். ஒன்பது பேரும் இழுத்தார்கள், சற்று நேரம் இருந்தார்கள், எழுந்து போனார்கள். லண்டனில் இத்தனை டாக்டர்மாருக்கு விளங்காத ஒன்றை, தரை துடைத்தவள் கண்டுபிடித்திருந்தேன். யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் உன் படிப்பு என்ன என்று கேட்பார்கள்.

அஜந்தா அந்த ஒன்பது பேரில் ஒருத்தி. எட்டு வயது. அவளுடைய தாய் பிரமிளா கடையில் காலை ஷிப்ட் செய்கிறவள். பள்ளிக்கூட வழக்கப்படி, நோயுள்ள பிள்ளைகளின் படத்தையும் என்ன செய்யவேண்டும் என்ற குறிப்பையும் ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். பிரமிளா அதைக் கண்டுவிட்டு என்னிடம் வந்தாள்.

"அக்கா, அந்தப் படத்தைக் கழட்டிவிடுங்கோ. இஞ்ச சாப்பாடு குடுக்கிற றோஸ்மலர் எங்கட ஊர் ஆள். தொய்வு எண்டு ஒருக்கால் கதை பரவினால் பிறகு அழிக்க ஏலாது. பொம்பிளைப் பிள்ளையெல்லே, நாளைக்கு ஒரு இடத்தில கட்டிக் குடுக்க வேணும்."

எட்டு வயதுப் பிள்ளையின் கலியாணத்துக்கு இப்போதே கவலை. எனக்குச் சிரிப்பு வந்தது, காட்டவில்லை. "ஓம், நான் பாக்கிறன்" என்றேன். "பைக்குள்ளையும் பம்ப் வைச்சு அனுப்பாதையும். கண்ட பிள்ளையளும் எடுத்துப் பாக்கும். என்னட்டை ஒண்டு இருந்தால் காணும்."

"நீங்கள் இருக்கிறியள் எண்டபடியால்தான் அக்கா நான் நிம்மதியா வேலைக்குப் போறன்" என்றாள்.

அன்று பின்னேரமே படத்தைக் கழற்றி என் கைப்பைக்குள் வைத்தேன். வகுப்பு ஆசிரியைக்கு விசயம் தெரியும். ஆனால் அவர் பிள்ளைப்பேற்று விடுப்பில் போக, வாரத்துக்கு ஒரு புதுமுகம் வந்து போனது. அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

2007 ஜூன், செவ்வாய்க்கிழமை. விளையாட்டுப் போட்டிக்குப் பயிற்சி நடந்தது. புல் வெட்டியிருந்தார்கள். பத்தரை மணி போல் அஜந்தா தனியாக வந்தாள். ஓட்டத்தில் கடைசியாக வந்திருப்பாள் என்று நினைத்தேன். அவள் பெயர் ஒட்டிய பையிலிருந்த பம்பைக் கொடுத்தேன். நான்கு முறை இழுத்தாள். பிறகு, ஆன்ட்டி, இது வேலை செய்யவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னாள். இன்னும் இரண்டு முறை இழு என்றேன். இழுத்தாள். வேறு பம்ப் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவளுடைய நல்ல பம்ப் என் கதிரையிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில், லாச்சிக்குள் இருந்தது. சாவி என் கழுத்தில் தொங்கியது.

கட்டிலில் இருத்தி, நூறு வரை எண்ணு என்றேன். எண்ணத் தொடங்கினாள். இருபதுக்கு மேல் சொல்லவில்லை. தோள் இரண்டும் ஏறி இறங்க, என் சட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். கையை விலக்கிவிட்டேன். இடம் கொடுத்தால் நாளைக்கும் வருவாள். கொஞ்ச நேரத்தில் அவள் மூச்சின் இழுவைச் சத்தம் நின்றது. ஒன்பது பேருக்கும் அப்படித்தான் நின்றது. திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுப் படிவத்தை நிரப்பினேன். வந்த நேரம், கொடுத்த மருந்து, தேறினாள்.

பதினொரு மணிக்கு ஐஸ் எடுக்க வந்த றோஸ்மலர்தான் திரையை விலக்கினாள். "ஐயோ, என்னக்கா, பிள்ளையின்ர வாய், சொண்டெல்லாம் நீலமாக் கிடக்கு. இவவுக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டாள்.

தொய்வு என்று சொல்வதில்லை என்று பிரமிளாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

றோஸ்மலர் அம்புலன்சுக்குப் போன் செய்ய ஓடினாள். நான் லாச்சியைத் திறந்து நல்ல பம்பை எடுத்தேன். பிள்ளையின் நெஞ்சு அப்போதும் மெல்ல அசைந்தது. நான் அதை அவள் வாயில் வைக்கவில்லை. தீர்ந்ததை எடுத்து என் பைக்குள் போட்டுவிட்டு, நல்லதை அவள் கைக்குள் வைத்து விரல்களை மடக்கிவிட்டேன். மூடியைக் கழற்ற மறந்துபோனேன். நான் விட்ட பிழை அது ஒன்றுதான். அதை வைத்துத்தான் நீங்கள் என்னிடம் வந்தீர்கள்.

நல்ல பம்பை ஏன் அவள் வாயில் அடிக்கவில்லை என்று மூன்று தடவை கேட்டீர்கள். வாயால் சொல்லவில்லை, இதில் எழுதுகிறேன். அடித்து அவள் மூச்சுவிட்டு எழுந்திருந்தால், அந்த ஒன்பது பிள்ளைகளிடம் நான் கண்டதெல்லாம் பொய்யாகியிருக்கும். மருந்தால்தான் சுகம் வருகிறது என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள்.

அஜந்தா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டாள் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

பிரமிளா என்னைப் பார்க்க மறுப்பதாகக் கேள்விப்பட்டேன். அவளிடம் ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள். இப்போது பிள்ளையின் படத்தைப் போட்டு, ஆஸ்துமா என்று எல்லாப் பேப்பரிலும் எழுதியிருக்கிறார்கள். அந்தப் படம் நான் கொடுத்ததல்ல. நான் கழற்றிய படம் இன்னும் என் கைப்பைக்குள்தான் இருக்கிறது. ஒருவருக்கும் காட்டவில்லை. நம்பித் தந்ததை நான் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன்.