சசிகுமாரின் பவர் சப்ளை

நெருங்கி உட்காருங்கள். சத்தமாகச் சொல்கிற கதை இல்லை இது. என் கூட்டாளி தமிழ்செல்வனின் மாமன் தேவராஜுக்கு நடந்தது.

இரண்டாயிரத்து மூன்று, ஐப்பசி மாதம். சாயங்காலம் ஆறு மணி. மலைமேல் திண்ணனூர் நாடு என்கிற ஊர்க்கூட்டத்துக்குள், பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து ஊருக்குப் போகும் ஒற்றையடிப் பாதை. முன்னால் போகிற ஆள் தெரியாத பனிமூட்டம். தேவராஜ் தனியாக வருகிறார். அவர் வீட்டின் முன்னறைதான் ரேடியோ ரிப்பேர் கடை. பூட்டு தொங்குகிறது. உள்ளே... விர்ர்ரென்று ஒரு காற்றாடி ஓடுகிறது.

அது அவருடைய தம்பி சசிகுமாரின் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுத்த பவர் சப்ளைப் பெட்டியின் காற்றாடி. சசிகுமார் ஊரில் கம்ப்யூட்டர் வகுப்பு ஆரம்பித்தான். ஒரு பிள்ளைகூடச் சேரவில்லை. தேவராஜே தன் பிள்ளைகளை அனுப்பவில்லை. பொழுது இறங்கும்போதெல்லாம் கேட்பான், "யாராச்சும் வந்தாங்களாண்ணா?" ஒரு நாள் பூச்சி மருந்தைக் குடித்துவிட்டான்.

காரியம் முடிந்ததும் தேவராஜ் கம்ப்யூட்டரைப் பிரித்தார். இந்தப் பெட்டியை மட்டும் கடை மேசையில் வைத்துக்கொண்டார். பச்சை ஒயரைக் கறுப்போடு சேர்த்தால் ஓடும். மஞ்சள் ஒயரில் பன்னிரண்டு வோல்ட் வரும். ரிப்பேருக்கு வரும் கார் ரேடியோவைப் போட்டுப் பார்க்க அது போதும்.

கதவைத் திறந்தார். பச்சை ஒயர் தனியாகத் தொங்கியது. பிளக் தரையில் கிடந்தது. காற்றாடி மட்டும் சுற்றியது... பூச்சி மருந்து வாடை. மேசையிலிருந்த ரேடியோ கரகரத்தது.

"யாராச்சும் வந்தாங்களாண்ணா?"

இருட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது.

"வந்தாங்க சாமி. நெறையப் பேரு வந்தாங்க."

அம்மா கண்ணாயி. உள்கதவு வழியாக வந்து மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

"தெனமும் கேக்கறான்டா. நாந்தான் சொல்லிட்டிருக்கறேன்."

தேவராஜுக்கு என்ன ஆனதோ. கத்திவிட்டார்.

"பொய் சொல்லாதம்மா! யாரும் வரலடா சசி! ஒருத்தனும் வரல!"

காற்றாடி நின்றது. ரேடியோவும் அடங்கியது.

கண்ணாயி அழவில்லை. "ரெண்டாந்தரமும் கொன்னுட்டியேடா," என்றாள். ஒயர்களை அறுத்தாள். பெட்டியை மாரோடு அணைத்து எடுத்துப்போய், கம்பளியில் சுற்றிப் பக்கத்தில் போட்டுப் படுத்துக்கொண்டாள்.

விடிந்ததும் தேவராஜ் அதை வாங்கப் போனார். அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"தொடாத. ராத்திரிப் பூராக் காச்சல்."

கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்துத்தான் அவர் கம்பளிமேல் கை வைத்தார்.

சுட்டது.