மேகத்தில் வைத்த அப்பா

சாத்தம் படகுத்துறையிலிருந்து பாம்பூஃப்ளாட் போகும் படகில், என் முன் வரிசையில் கல்யாண வீடியோ எடிட் செய்பவர் ஒருவர் மடியில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தார். பக்கத்திலிருந்த பெண்மணி, மணப்பெண்ணின் அம்மா, திரையைப் பார்த்ததும் சத்தம் போட்டார்.

“அரே தம்பி! உசுரோட இருக்கிற மனுசனை எதுக்குப்பா மேகத்துல வச்சிருக்க?”

“ஐயோ ஆன்ட்டி! போட்டோ அனுப்பி, தாலி கட்டுற சீன்ல அப்பாவையும் சேத்துடுன்னீங்க. போய்ச் சேர்ந்தவங்களைத்தான் அப்படிச் சேர்க்கச் சொல்வாங்க. அதான் மேல மங்கலா போட்டுட்டேன்.”

“அவருக்குத் தெக்கே கடைசித் தீவுல, கேம்பல் பேயில டூட்டி. காத்து மழைன்னு ஷிப் கேன்சல். வர முடியல.”

அந்த அம்மா தன் போனை நீட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். பட்டு வேட்டி கட்டிய ஒருவர் வெள்ளைச் சுவர் முன் நின்று, யாருமில்லாத அறையில் அட்சதை தூவிக்கொண்டிருந்தார்.

“முகூர்த்த நேரத்துக்கு அவரே எடுத்தது. இதை வை.”

“அச்சா. சுவரை எடுத்துட்டு அந்த சீன் மேல வச்சா அவர் மட்டும் நிப்பாரு. ஆனா மேடையில அவ்வளவு கூட்டம். ஒரு ஆள் நிக்க இடம் வேணுமே ஆன்ட்டி.”

“எனக்கு வலப்பக்கம் பாரு.”

பார்த்தார். அத்தனை நெரிசலிலும் அந்த அம்மாவின் பக்கத்தில் ஒரு ஆள் அகலத்துக்கு இடம் காலியாகக் கிடந்தது.

“எப்படி ஆன்ட்டி?”

“நாத்தனார்கூட ரெண்டு தடவை வந்து நின்னா. தள்ளி நில்லுன்னுட்டேன்.”